மருமகன் அன்னியனாம்!

வளவனூர்த் தோழர்களே! விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் ரயில் உங்கள் ஊரில் நின்றுதான் செல்கிறது. மாப்பிள்ளை பார்க்கப் போவோரும் அதில் உண்டு. உங்கள் தெருவிலே இரு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டுப் பெண்ணுக்குப் புதுவையிலே மாப்பிள்ளை. பெயர் தமிழ், பேச்சு தமிழ், கையிலே பிரெஞ்சுக் கடவுச்சீட்டு! 1962 இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பம். திருமணத்தைப் பதிவு செய்து, மனைவிக்கு நீண்டகால விசா கேட்கலாம். நான்கைந்தாண்டு கூடி வாழ்ந்தபின், மொழித் தேர்வு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்நாட்டுக் குடியுரிமையே கோரலாம். அலைச்சல் உண்டு, செலவு உண்டு. ஆனால் தட்டுவதற்குக் கதவு ஒன்று இருக்கிறது.

அடுத்த வீட்டு மாப்பிள்ளை கீழ்ப்புத்துப்பட்டு முகாம்காரர். 1983 க்குப் பின், குண்டுக்கும் தீக்கும் தப்பி, தாயின் இடுப்பிலே தோணியேறி வந்த ஈழத் தமிழ்ப் பிள்ளை. மணப்பதற்குத் தடையில்லை; 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அயல்நாட்டவரையும் மணக்கலாம். மாலை மாற்றச் சட்டம் உண்டு. வாழத்தான் சட்டம் இல்லை!

1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் குடிமகளை மணந்து, இங்கே ஏழாண்டு வாழ்ந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது. ஆனால் நம் மருமகன் ஏழென்ன, இருபதாண்டு வாழ்ந்தாலும் கேட்க முடியாது. உயிர் தப்பி வந்த நாளில் கையிலே கடவுச்சீட்டு இல்லையாம். ஆகவே 'சட்டவிரோதக் குடியேறி'யாம்! அந்தப் பட்டம் பெற்றவருக்கு இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. எரிகிற வீட்டிலிருந்து ஓடிவந்தவனை நிறுத்தி, "செருப்பு எங்கேயடா?" என்று கேட்பதா நியாயம்?

பிள்ளையின் கதை இன்னும் கொடிது. 1987 ஜூலை 1 க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். முகாமில் அப்படிப் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆனால் 2003 திருத்தம் நடைமுறைக்கு வந்த 2004 டிசம்பர் 3 முதல், தாய் குடிமகளாயிருந்தால் மட்டும் போதாது. தந்தை 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. வளவனூர்த் தாய் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் பெற்ற பிள்ளை, அன்னியப் பிள்ளை! பெற்றவளுக்கு வாக்குரிமை, பிள்ளைக்கு வழக்குரிமை!

2019 இல் டில்லி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் கண்ணில் பட்டன. கூப்பிடு தூரத்து இலங்கை படவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற ஈழத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று ஆணை பிறந்தது. மகிழ்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு அல்லவா? அந்த இரண்டாவது சொல்லைத்தான் டில்லியிடம் கேட்கிறோம்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் இத்தகைய குடும்பம் இருந்தால், பதிவாகாத திருமணத்தைப் பதிவு செய்ய அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாயின் வாக்காளர் அட்டை, தந்தையின் முகாம் பதிவு, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். விழுப்புரம் வழக்கறிஞரிடம் வெறுங்கையோடு போக வேண்டாம். ஒருமுறை வெறுங்கையோடு வந்ததற்குத்தான் இத்தனை பாடு!