மாத்திரை தன் வேலையைச் செய்கிறது

எச்ஐவி தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏஆர்டி) மத்திய அரசு 2004 ஏப்ரலில் இலவசமாகத் தொடங்கியபோது, முதலில் அதை வழங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. நோய் எதிர்ப்புக்கு அடிப்படையான சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கிய பிறகே அப்போது பெரும்பாலோருக்கு மருந்து கிடைத்தது. அதற்குள் காசநோய் பலரை உருக்கியிருக்கும். 2017 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. தொற்று உறுதியானால் உடனே சிகிச்சை.

காரணம் இருக்கிறது. சிடி4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைவு என்று 2015இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு காட்டியது. சீக்கிரம் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதில் அடக்கம். முதலிரண்டும் வைரஸ் தன்னைப் படியெடுப்பதைத் தடுக்கின்றன. மூன்றாவது, அது நம் உயிரணுவின் மரபுப் பொருளுக்குள் நுழையாமல் மறிக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே பதுங்கிய வைரஸை எதுவும் தொடுவதில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் அது மீண்டும் பெருகும். "உடம்பு தேறிவிட்டதே" என்று விடுவதுதான் பெரிய ஆபத்து.

சின்ன விஷயங்களும் முக்கியம். இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்கான ஜெலுசில் போன்றவற்றைக் கூடவே போட்டால் டொலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிர் இரு வேளையாகத் தரப்படும். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் ஏஆர்டி மையத்தில் சொல்லிவிடுங்கள்.

ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட தம்பதியரிடையே அப்படி ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. இதை ஊர் அறியாததால்தான் இன்னும் பலர் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வேலை, வாடகை வீடு, சிகிச்சை எதையும் இந்தத் தொற்றைக் காட்டி மறுக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

மருந்தை இடையில் விட்டவர்கள் தயங்காமல் மையத்துக்குத் திரும்பப் போங்கள். சிகிச்சையை மறுபடி தொடங்கலாம். ஆலோசனைக்கு 1097 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.