குறுக்கெழுத்துப் புதிரில் பழஞ்சொற்கள்: நிகண்டு நெறியும் உரியியல் நெறியும்

குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டத்திலிருந்து பரவியது. அமெரிக்கக் கட்டமரபில் ஒவ்வோர் எழுத்தும் இரு சொற்களுக்குப் பொதுவாதல் வேண்டும். மூன்றெழுத்திற் குறைந்த சொல் இடம்பெறாது. இந்நெருக்கடியை நிறைவு செய்யப் பேச்சிலும் உரைநடையிலும் வழக்கிழந்த சிறு செய்யுட்சொற்கள் பெரிதும் பயன்பட்டன. ஆனால் அவற்றுக்குக் குறிப்புத் தருவோர் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தனர். விடை பழஞ்சொல்லாயின் ‘முன்னாளில்’, ‘கவிஞர்க்கு’ என்றாற்போன்ற அடையாளம் குறிப்பிலும் இருத்தல் வேண்டும். பிரித்தானியப் புதிர்களில் இது மேலும் நுணுகியது. சேம்பர்ஸ் அகராதி சில சொற்களை ஸ்பென்சர் வழக்கு, ஷேக்ஸ்பியர் வழக்கு எனப் பிரித்துக் காட்டுவதால் குறிப்பும் அப்புலவரைச் சுட்டுவதுண்டு.

தமிழ்க் கட்டத்தின் இலக்கணம் வேறு. இங்கு ஒரு கட்டம் ஓர் எழுத்துக்குரியது. உயிர்மெய் முழுமையாக ஒரே கட்டத்தில் அடங்கும். ஆகவே ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் நிகழும் பொருத்தம் தமிழில் 247 எழுத்துக்குள் நிகழ்கிறது. மொழிமுதல், மொழியிடை மரபுகளும் கட்டத்தை ஆள்கின்றன. அளபெடை ஒழிந்த இடங்களில் தனியுயிர் சொல்லின் முதலில் மட்டுமே வரும். எனவே உயிரெழுத்து நிற்கும் கட்டம் பொதுக்கட்டமாயின், குறுக்குச் சொல், நெடுக்குச் சொல் ஆகிய இரண்டும் அங்கேயே தொடங்கியாக வேண்டும். மெய்யெழுத்து நிற்கும் கட்டத்தில் எச்சொல்லும் தொடங்க இயலாது. ‘அல்’, ‘எல்’ என்னும் ஈரெழுத்துச் சொற்கள் கட்டத்தின் மூலைகளை நாடிச் செல்வது இதனால்தான். ‘பதி’, ‘மதி’ போன்றவற்றின் ஈற்றெழுத்து மற்றொரு சொல்லுக்கு முதலாக இயலும். ‘பிடி’, ‘மறி’ ஆகியவற்றின் ஈற்றெழுத்து அவ்வாறு ஆகாது. டகர, றகர வருக்கங்கள் தமிழில் மொழிமுதலாவதில்லை. தொல்காப்பிய மொழிமரபையும் நன்னூல் எழுத்தியலையும் பயின்றவருக்கு இவை புதியன அல்ல. கட்டம் அமைப்போர் அவற்றைப் பெயர் சொல்லாமலே பின்பற்றி வருகின்றனர்.

நன்னூல் தொகுத்த 42 ஓரெழுத்தொருமொழிகள் இக்கட்டத்திற்குள் நுழைய வழியில்லை. ஒரே கட்டத்தில் முடியும் சொல் குறுக்கும் ஆகாது, நெடுக்கும் ஆகாது. பழஞ்சொற்களின் சுமை முழுவதும் ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களின் மேல் விழுகிறது.

அவற்றுக்குக் குறிப்பு எழுதுவதில்தான் உண்மையான சிக்கல் உள்ளது. பெரும்பாலோர் கைக்கொள்வது நிகண்டு நெறி. ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லை வைத்துவிடுவது. ‘யானை’ என்னும் குறிப்புக்கு ‘பிடி’ விடையாக வருமாயின் அது பிழை. பிடி என்னும் பெண்பெயர் யானைக்கே உரியது எனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. ஆயினும் அப்பெயர் யானையின் பெண்ணைக் குறிக்குமேயன்றி யானைப் பொதுப்பெயர் ஆகாது. ‘களிற்றின் துணை’ என்றால் பொருளும் கிட்டும், மரபும் நிற்கும். ‘மறி’க்கு ‘ஆட்டுக்குட்டி’ என்பது தவறன்று; எனினும் அது குறைவுடையது. மரபியல் அப்பெயரை ஆட்டோடு குதிரைக்கும் மானினங்களுக்கும் வழங்குகிறது. புதிர் விடுவிப்பவர் ஒரு சொல்லை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் பலவேளைகளில் இக்கட்டமே. அங்குக் குறுகிய பொருள் பதிந்துவிட்டால், பின்னர்ச் சங்கப் பாடலில் மானின் மறியைக் காணும்போது அதனை ஆடென்றே கொள்வார்.

உரியியல் வேறொரு வழியைக் காட்டுகிறது. வெளிப்படையான சொற்களை விளக்க வேண்டுவதில்லை, அரியவற்றையே எடுத்துரைக்க வேண்டும் என்பது அவ்வியலின் தொடக்க நிலைப்பாடு. முன்னும் பின்னும் வரும் சொற்களை நோக்கிப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது அதன் முறை. ‘கடி’ என்னும் ஈரெழுத்து உரிச்சொல்லுக்கு அங்கே காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலாகப் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கூறப்படுகின்றன. ‘காவல்’ என ஒற்றைச் சொல்லால் குறிப்புத் தந்தால் ‘காப்பு’, ‘அரண்’ முதலிய பலவும் போட்டியிடும். ‘நகரின் முன் நின்றால் காவல்’ எனச் சூழலோடு தந்தால் ‘கடிநகர்’ நினைவுக்கு வந்து விடை ஒன்றாகிறது. ஆங்கிலப் புதிரின் ‘கவிஞர்க்கு’ என்னும் அடையாளம் சொல்லின் காலத்தைச் சுட்டுகிறது. உரியியல் நெறிக் குறிப்போ சொல்லின் அண்டைச் சொல்லைச் சுட்டுகிறது. வழக்கிழந்த சொல்லை மீட்க இரண்டாவதே வலுவுடையது.

நிகண்டுகளை இதனால் புறந்தள்ளிவிட இயலாது. புதிர் விடுவிப்பவருக்கு அவற்றின் வைப்புமுறையே ஒரு கருவி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்து நோக்கி அடுக்குகிறது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் தொடையகராதியும் எதுகை நோக்கியதே. முதலெழுத்து அறியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்திருக்கும் நிலை குறுக்கெழுத்தில் அன்றாடம் நேர்வது. செய்யுள் யாப்போருக்காகச் செய்த வசதி இங்கு வேறொருவருக்கு உதவுகிறது. இன்றைய அகராதிகள் முதலெழுத்து வரிசையில் அமைந்திருப்பதால் இவ்வகையில் அவற்றால் பயன் குறைவு.

சில சொற்களுக்குச் சூழற்குறிப்பு எளிதில் அமையாது. ‘வண்டு’ என்றால் அளியும் பொருந்தும், அரியும் பொருந்தும். இரண்டாம் எழுத்து மற்றொரு சொல்லோடு சந்திக்காத கட்டமாயின் எது சரியென்று முடிவு காண இயலாது. பரிசுப்போட்டியில் இத்தகைய இடம் வழக்குக்கே இட்டுச்செல்லும். அங்கு நிகண்டின் பல்பொருள் மரபையே இரட்டையாகப் பயன்படுத்தலாம். ‘வண்டும் அருளும்’ என்றால் அளி. ‘வண்டும் சிங்கமும்’ என்றால் அரி.