நாடகம் படித்தால் சோறு கிடைக்குமா?

"சுவாமி, நாடகம் படிச்சு என்ன செய்யிறது? கூத்தாடியைச் சபையில பாராட்டுவினம், வீட்டில அடுப்பு எரியாது."

கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே ஒரு தகப்பன் எம்மிடம் கேட்ட கேள்வி இது. அவர் நாரந்தனையிற் பிறந்தவர். 1990 ஆவணியில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது பெற்றோரோடு வெளிக்கிட்ட சிறுவன். வலிகாமத்தில் குத்தகைக் காணி. 1995 ஐப்பசியில் அதையும் விட்டுத் தென்மராட்சிக்கு ஓட்டம். திரும்பி வந்து மீண்டும் குத்தகைக் காணி. இப்போது மூத்த மகள், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள்.

அவருடைய கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. சொந்தக் காணியில் கால் வைக்க முடியாத குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புத்தான் காணி. அதை எங்கே விதைப்பது என்று தகப்பன் யோசிக்கத்தான் வேண்டும்.

ஆயினும் நாடகம் தீவக மக்களுக்குப் புதிய பயிர் அல்ல. நாரந்தனைக்கு அயலிலுள்ள மெலிஞ்சிமுனை கூத்துக்குப் பேர்போன ஊர். எஸ்தாக்கியாரும் ஞானசௌந்தரியும் எமது கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்டவர்கள். பகலில் தோட்டமும் கடலும், இரவில் அண்ணாவியார் முன்னிலையில் பழக்கம். எழுத வாசிக்கத் தெரியாதவரும் விருத்தத்தையும் தருவையும் மாதக்கணக்கில் கேட்டே மனனம் செய்தார்கள். அது கட்டணமில்லாத கல்லூரி. இடப்பெயர்வு அந்தக் கல்லூரியைத்தான் முதலிற் கலைத்தது. மத்தளகாரர் ஒரு முகாமில், இராசா வேடக்காரர் வன்னியில், கட்டியகாரன் பிரான்சில் என்றால் கூத்தை யார் பழக்குவது? ஓடும்போது காணி உறுதியையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் எடுத்தோம். கூத்துக் கொப்பியை எடுத்தவர் எத்தனை பேர்?

ஊரில் இருந்த அந்தப் பழக்கம் குலைந்தபின், முறையாகப் படித்தவர்களிடமே இக்கலை பெரிதும் தங்கியிருக்கிறது. அதற்கான வழியைச் சிலர் முன்கூட்டியே வெட்டி வைத்தார்கள். மரியசேவியர் அடிகளார் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். ஆண்டவருடைய திருப்பாடுகளை மேடையேற்றுவதோடு நில்லாமல் கூத்து, நவீன நாடகம், நாடகப் பயிற்சி என்று அதை விரித்து, 2021இல் மறையும்வரை உழைத்தார். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை ஆரம்பித்தார். பெரிய கட்டிடத்தை நினைக்க வேண்டாம். நடிப்பை ஒழுங்காகப் பயில வேண்டும் என்று நினைத்தவர்கள் கூடிய இடம் அது. அவர் எழுதி, சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் ஊர் ஊராகப் போனது. சண்முகலிங்கம் 2025 தையில் காலமானார்.

இன்று நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம்வரை படிக்கலாம். பாட்டும் ஆட்டமும் மாத்திரமல்ல, கிரேக்க நாடகம், வடமொழி நாடகம், சிங்கள நாடகம் எல்லாம் படிக்க வேண்டும். குரலைப் பழக்க வேண்டும், ஒளியும் ஒப்பனையும் அறிய வேண்டும். பத்துப் பேரை ஒரே நேரத்துக்கு ஒத்திகைக்கு வரச்செய்வது தனிப்படிப்பு! (குருமடத்தில் பிலாத்துவாக நின்று வசனத்தை மறந்தவர் என்ற வகையில் இதன் கடினம் எமக்குத் தெரியும்.)

சினிமாவைப் பற்றியும் அந்தப் பிள்ளை கேட்டாள். எம்மண்ணில் படம் எடுக்கப்படாமல் இல்லை. தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் படமானது. ஆனால் அதைத் தொழிலாக்கி நிலைத்தவர் மிகச்சிலரே. இப்போது கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். கமெரா, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கைத்தொழிலாகக் கற்றால் கலியாணவீட்டுப் படப்பிடிப்பிலாவது பிழைக்கலாம். நடிக்கச் சந்தர்ப்பம் தருகிறோம், முதலில் காசு கட்டுங்கள் என்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். குத்தகைக் காசு அங்கே போகக்கூடாது.

வேலை? மறைக்காமற் சொல்கிறோம். பட்டம் பெற்றதும் ஆசிரிய நியமனம் கையில் வராது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் வீதியோரத்தில் இருந்து போராடியதைக் கண்டோம். அவர்களில் எல்லாப் பாடங்களைப் படித்தவர்களும் இருந்தார்கள். ஆகவே நாடகத்தோடு தமிழையோ புவியியலையோ நன்றாகப் படிக்கட்டும், ஆங்கிலத்தை விடவேண்டாம் என்று அந்தத் தகப்பனுக்குச் சொன்னோம்.

அவர் சமாதானமாகவில்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் படுத்திருந்த பாட்டன்தான் எழுந்து உட்கார்ந்தார். ஊரில் ஒருகாலம் சேனாதிபதி வேடம் கட்டியவராம். "பிள்ளை, கொப்பியை எடு" என்றார். வரவுப் பாட்டை நடுங்கும் குரலில் இரண்டு தரம் பாடினார். மூன்றாம் அடியில் தடக்குப்பட்டு நின்றார். பேத்தி எழுதியமட்டும் திருப்பி வாசித்தாள்.

பாத்தியில் நின்ற மகன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, விட்ட அடியைப் பாடினார். அவருக்கு அது தெரியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"சரி சுவாமி, விண்ணப்பம் எப்ப குடுக்க வேணும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.