பருத்திப் புழுவும் பொறிப்பயிரும்

நாஞ்சில் நாட்டின் பிரதான சாகுபடி நெல்லும் வாழையும் தென்னையுமே. எனினும் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வடகிழக்கே சென்றால், கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலிய கரிசற் பூமியில் பருத்தி பரம்பரையாய்ப் பயிராகி வருவதைக் காணலாம். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது. பருத்திக்கென வகுக்கப்பட்ட பொறிப்பயிர் முறை, தோவாளைத் தாலுகாவின் தோட்டக்காரர்களுக்கும் பிரயோஜனமாகும்.

பூச்சி அதிகம் விரும்பும் வேறொரு செடியைப் பிரதானப் பயிருக்கு அருகில் வளர்த்து, அதனை அங்கே இழுத்து அழிப்பதே இம்முறையாம். புகையிலைப் புழுவின் அந்து ஆமணக்கை நாடும். புள்ளிக் காய்ப்புழுவும் தத்துப்பூச்சியும் வெண்டையை நாடும். பச்சைக் காய்ப்புழுவின் அந்து, கேந்தி எனப்படும் துலுக்கச் செவ்வந்தியின் மொட்டிலும் பூவிலும் முட்டையிடும். ஆகவே ஆமணக்கை வரப்போரத்திலும் வாய்க்காலோரத்திலும், வெண்டையையும் கேந்தியையும் ஓரங்களிலும் இடைவரிசைகளிலும் வைத்தல் வேண்டும்.

இம்முறையில் நேரும் பெரும்பிழை ஒன்றுண்டு. பொறிப்பயிரை நட்டதோடு வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. புகையிலைப் புழுவின் அந்து ஆமணக்கு இலையின் அடிப்புறத்தில் சில நூறு முட்டைகளைக் குவியலாய் இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைக்கும். மூன்று முதல் ஐந்து தினங்களில் குஞ்சுப்புழுக்கள் வெளிப்பட்டு, கூட்டமாய் இருந்து இலையைச் சல்லடைபோல் சுரண்டும். அத்தருணத்தில் அவ்விலையைக் கிள்ளி அழித்தால் ஒரு கூட்டமே தொலையும். தவறினால் புழுக்கள் சிதறிப் பருத்திக்குட் புகும். பொறியாய் வைத்த செடியே புழுவின் நாற்றங்காலாய்விடும். ஆதலால் வாரம் இருமுறையேனும் ஆமணக்கு இலைகளைத் திருப்பிப் பார்த்தல் அவசியம். புழு விழுந்த வெண்டைக்காய்களையும் கேந்தி மொட்டுகளையும் பறித்து அழித்தல் வேண்டும்.

பொறிப்பயிரால் மாத்திரம் எல்லாம் தீராது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள்ளேயே மறைந்து வாழ்வது. அதற்குக் கடைசி எடுப்பு முடிந்தவுடன் பருத்தி மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே சிறந்த பரிகாரம். 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியையும் இப்புழு வென்றது. அதன் முதல் வகைக்கு இப்புழு எதிர்ப்பு அடைந்தமை 2010-இல் குஜராத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. ஒரே ஆயுதத்தை நம்புவோர் ஏமாறுவர் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

தக்காளியையும் அதே பச்சைக் காய்ப்புழு துளைப்பதால், நாஞ்சில் நாட்டுக் காய்கறித் தோட்டங்களிலும் கேந்தி உதவும். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைக் கேந்தி போதும். தக்காளி பூக்கும்போது கேந்தியும் பூத்திருக்க வேண்டுமாதலின், சுமார் 25 நாள் தக்காளி நாற்றுடன் 40 முதல் 45 நாள் வயதுள்ள கேந்தி நாற்றை ஒரே சமயத்தில் நடுவது உத்தமம். தோவாளைப் பூச்சந்தை அருகிலிருப்பதால், புழு விழாத பூக்களை விற்றுச் சிறு வரும்படியும் பெறலாம்.