கூகையைக் காப்போம், எலித் தொல்லை குறைப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு விவசாயி துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே செத்த கூகை ஒன்று கிடந்தது.

"அய்யா, போன தடவை நீங்க சொன்ன மருந்துக் கட்டியைத்தான் வளைக்கு வளை வச்சோம். எலி செத்தது. எங்க கோயில் ஆலமரத்துக் கூகையும் சேர்ந்து செத்துப்போச்சு" என்றார்.

மருந்து தின்ற எலியைக் கூகை தின்றிருக்க வேண்டும். மருந்து வைக்கும் முறையைச் சொன்ன நான், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதைக்க வேண்டும் என்பதை அன்று அழுத்திச் சொல்லவில்லை. அது என் பிழை. அந்தப் பிழை வேறு ஊரில் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கூலி கேட்காத காவலாளி

வெற்றிலை வடிவில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தையே கூகை. அதன் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே அமைந்துள்ளது. எலி நடமாடும் ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை இதனால் கும்மிருட்டிலும் கணித்துவிடும். இறகு மென்மையானதால் பறக்கும் சத்தம் எலிக்குக் கேட்பதில்லை.

ஒரு கூகை இரவொன்றுக்கு 2, 3 எலிகளைத் தின்னும். குஞ்சு பொரித்துவிட்டால் வேட்டை இன்னும் கூடும். சந்தேகம் உள்ளவர்கள் கூகை தங்கும் மரத்தடியில் பாருங்கள். அது கக்கிப் போட்ட உருண்டைகளை உடைத்தால் எலியின் மண்டை ஓடும் எலும்பும் மயிருமாக இருக்கும்.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக் கூடு வைக்கிறார்கள். இஸ்ரேல் நாட்டு விவசாயிகள் 1983 முதல் இதைச் செய்துவருகிறார்கள். நம் ஊரிலோ, அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். கூகை அலறுவது துணையை அழைக்கவும் தன் எல்லையைக் காக்கவுமே. வீட்டில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வயலில் செய்ய வேண்டியவை

நட்ட வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 பறவை தாங்கிகள் வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு, அகன்ற அடிப்பகுதி மேலே இருக்கும்படி செய்தால் போதும். மூங்கில் கழியில் குறுக்குக் குச்சி கட்டியும் நடலாம். பயிருக்கு மேலே மூன்று, நான்கு அடி உயரம் தெரிய வேண்டும். இரவில் ஆந்தை உட்காரும். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுக்களையும் அந்துப்பூச்சிகளையும் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணி கொத்தும் பறவைகளுக்கு அவை வசதியாகிவிடும்.

கூகை ஒன்றே எலியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பெருச்சாளி அதற்குப் பெரிய இரை. ஆகவே கோடையில் வளை வெட்டி எலி பிடியுங்கள். வரப்பைக் குறுக்கி, புல் மண்டாமல் வையுங்கள். பயிர் இளசாக இருக்கும்போதே தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பி வரும். வாய்க்கால் பாசனத்தில் உள்ள அனைவரும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் உண்டு.

மருந்து வைத்தே ஆக வேண்டுமா?

புரோமோடயலோன் கட்டி தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அப்போது கூகைக்கு எளிதில் அகப்படும். எலியின் உடம்பிலுள்ள நஞ்சு கூகையின் ஈரலில் சேர்ந்து, உள்ளே இரத்தக் கசிவு உண்டாகி அது சாகும்.

எனவே வேறு வழியில்லாதபோது மட்டும், உயிருள்ள வளைகளுக்குள் மட்டும் மருந்து வையுங்கள். தினமும் காலையில் வயலைச் சுற்றி, கிடக்கும் எலிகளைக் கையுறை அணிந்து பொறுக்கி ஆழப் புதையுங்கள். பயிருக்குப் போடும் குருணை மருந்தைச் சோற்றில் கலந்து வைப்பது பெருந்தவறு. மயில், நாய், கோழி மட்டுமல்ல, குழந்தைக்கும் ஆபத்து.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்தும் பாழடைந்த கட்டடமும் கோபுர மாடமுமே அதன் வீடு. பொந்துள்ள பழைய ஆல், இலுப்பை மரங்களை வெட்டாதீர்கள். கோயில் திருப்பணி தொடங்குமுன் மாடங்களில் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அந்தப் பகுதி வேலையை மட்டும் குஞ்சு பறக்கும்வரை தள்ளி வையுங்கள். முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும்.

ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாந்திரீகத்துக்கென்று விலை பேசி யாராவது வந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

அந்தக் கிராமத்தில் அடுத்த பருவத்தில் எல்லோருமாகத் தென்னை மட்டைகளை நட்டார்கள். கோயில் ஆலமரத்துக்குக் கூகை திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. கொல்வதற்கு ஒரு வாரம் போதும். மீண்டும் வரக் காத்திருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊரில் கூகை தங்கும் மரம் எது என்று கேட்டு, அதைக் காப்பதென்று முடிவு செய்யுங்கள்.