ஏற்றுவது நான்கு சக்கரம், இறக்குவது கியர், நிறுத்துவது பிரேக்
(அவலாஞ்சி மலைப்பாதையில் சரக்கு அனுப்புவோர் கவனத்திற்கு)



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். "ஐயா, எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் கேரட் எடுக்க ஃபோர் வீல் டிரைவ் லாரி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். அது இருந்தால் மழைக்காலத்திலும் பயமில்லாமல் போய் வரலாம் அல்லவா?" என்று கேட்டார். "ஏறலாம் தம்பி, இறங்குவது வேறு கணக்கு" என்றோம். பக்கத்தில் இருந்த செயலாளர், அதையே விரிவாக எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். அதனால் வந்தது இக்கட்டுரை.

நாம் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாக உருளைக்கிழங்கும் கேரட்டும் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். லாரி ஓட்டியதில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான லோடு அனுப்பியிருக்கிறோம். அனுப்பியதில் செய்த பெரிய தவறு ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அவலாஞ்சிப் பாதை

உதகையிலிருந்து முத்தொரை பாலாடா, எமரால்டு வழியாகச் சுமார் 28 கி.மீ. சென்றால் அவலாஞ்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெரும் மண்சரிவால்தான் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். ஊரின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் வந்தபோது இந்த மலைக்குள் அணைகளும் சாலைகளும் வந்தன. சாலை வந்ததால் தோட்டமும் பெருகியது, நம் வியாபாரமும் பெருகியது.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையே சுமார் 140 செ.மீ.தான் என்று ஒப்பிட்டால் அதன் வேகம் புரியும். அந்த மழையில் பல இடங்களில் சாலையே சரிந்து போனது. சாதாரண ஆண்டிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தார்ச் சாலையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதைகள் வழுக்கும் களியாகிவிடும். கேரட் மட்டும் மழை நிற்கட்டும் என்று காத்திருக்காது. எடுத்த மூட்டை அதிகாலை ஏலத்துக்கு முன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும். நம் தொழிலில் நெருக்கடி தொடங்கும் இடம் இதுதான்.

நான்கு சக்கர இழுவை என்றால் என்ன?

சாதாரண லாரியில் எஞ்சினின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். பின் சக்கரம் சேற்றில் சுழன்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஃபோர் வீல் டிரைவ் லாரியில் கியர் பெட்டிக்கு அடுத்தபடியாக 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்று இன்னொரு பெட்டி உண்டு. முன் அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான சக்திமான் லாரியும், பின்னால் வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியனும் இவ்வகையே. வெலிங்டன் முகாம் இருப்பதால் நீலகிரி மக்களுக்கு இவை புதியவை அல்ல.

பழைய வண்டிகளில் இதற்கு வழக்கமாக இரண்டு லீவர் இருக்கும். ஒன்று முன் அச்சைச் சேர்ப்பதற்கு. மற்றொன்று 'ஹை', 'லோ' மாற்றுவதற்கு. 'லோ'வில் போட்டால் வேகம் குறையும், இழுவை கூடும். புதிய வண்டிகளில் லீவருக்குப் பதில் சுவிட்ச் இருக்கலாம். உள்ளே நடப்பது ஒன்றே.

இதில் மூன்று விஷயங்களை முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, முன் அச்சைச் சேற்றில் இறங்கும் முன்பே சேர்க்க வேண்டும். சக்கரம் புதைந்த பிறகு சேர்த்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும்.

இரண்டாவது, காய்ந்த தார்ச் சாலைக்கு வந்ததும் முன் அச்சை விடுவித்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரம் வெளிவட்டமாகச் சுற்றும். பின் சக்கரம் உள்ளே வெட்டி வரும். ஆகவே இரண்டும் ஓடும் தூரம் ஒன்றல்ல. இவ்வகை லாரிகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால், சேற்றில் என்றால் சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வர மறுக்கும். அப்போது லீவரை உதைத்துப் பயனில்லை. வண்டியைச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் வழுக்கிக்கொண்டு வரும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பிரேக் எந்த லாரியிலும் எல்லாச் சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இருப்பதால் பிரேக்கின் பலம் ஒரு குன்றிமணி அளவும் கூடுவதில்லை. வழுக்கும் சரிவில் 'லோ'வில் இறங்கும்போது எஞ்சினின் பிடிமானம் நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும். வண்டி பக்கவாட்டில் சறுக்காமல் இறங்கும். இறக்கத்தில் அதன் பயன் அவ்வளவே.

நாம் செய்த தவறு

1994ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழைக் காலம். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, எமரால்டுக்குக் கீழே ஒரு தோட்டத்துக்கு அனுப்பினோம். கேரட் விலை ஏறியிருந்த நேரம். வழக்கமான லோடுக்கு மேல் இருபது மூட்டை ஏற்றச் சொன்னது நாம்தான். "விடியற்காலை ஏலத்துக்குச் சரக்கு வரவில்லை என்றால் வாடகையில் கழித்துவிடுவோம்" என்று சொன்னதும் நாம்தான்.

டிரைவர் நல்ல தொழில்காரர். சேற்றுப் பாதையை 'லோ'வில் அழகாகக் கடந்து தார்ச் சாலைக்கு வந்துவிட்டார். அங்கே பாதை இறக்கம். நிறுத்தி, பிரேக் போட்டு, 'லோ'விலிருந்து 'ஹை'க்கு மாற்றியிருக்க வேண்டும். நேரமாகிவிட்டதே என்று ஓட்டத்திலேயே லீவரைத் தள்ளியிருக்கிறார். 'லோ'வுக்கும் 'ஹை'க்கும் நடுவில் ஒரு நியூட்ரல் உண்டு. 'லோ' விட்டது, 'ஹை' விழவில்லை. லீவர் நடுவில் நின்றுவிட்டது. கியர் பெட்டியில் கியர் இருக்கிறது, ஆனால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சுமை தள்ள, லாரி கல் உருண்டது போல் ஓடத் தொடங்கிவிட்டது.

பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்திருக்கிறார். ஏர் பிரேக் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலிருந்து காற்று செலவாகும். நான்கைந்து மிதியில் மீட்டர் முள் இறங்கிவிட்டது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண் திட்டு. லாரியை மண் திட்டில் உரசி மோதி நிறுத்தினார். அந்தப் புத்திதான் இரண்டு உயிரைக் காப்பாற்றியது. கிளீனர் பையனுக்குக் கால் முறிந்தது. பதினெட்டு வயது.

ஆஸ்பத்திரியில் டிரைவரைப் பார்த்து, "நிறுத்தி மாற்றியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "நிறுத்தியிருக்கலாம் முதலாளி. லேட்டானா வாடகையில கழிப்பேன்னு சொன்னீங்களே" என்றார். அதற்குப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கிளீனரின் வைத்தியச் செலவை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் அவன் நடை பழையபடி ஆகவில்லை. அந்த இருபது மூட்டையில் வந்திருக்கக்கூடிய லாபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சூடு எங்கே போகும்?

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இடையில் இறக்கம் சுமார் 1,900 மீட்டர். வண்டியும் சுமையும் சேர்ந்து 10 டன் உள்ள லாரி இவ்வளவு இறங்கும்போது வெளியாகும் சக்தியை நம் பேரன் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுக் காட்டினான். ஏறக்குறைய 600 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. கல்யாண வீட்டு அண்டாக்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை சூட்டையும் பிரேக் டிரம் மட்டுமே தாங்க வேண்டும் என்றால் எப்படித் தாங்கும்? லைனிங் சூடேறினால் பிடிப்பு குறையும். டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். மிதித்தாலும் வண்டி நிற்காது. பர்லியாறு பக்கம் காற்றில் வரும் கருகல் வாசனை நாம் எல்லோரும் அறிந்ததே. அது ஒரு லாரியின் கடைசி எச்சரிக்கை.

சிறிய கியரில் இறங்கினால் இந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். எக்சாஸ்ட் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. அது புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே மூச்சுத் திணற வைத்து வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் கியரில் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவருக்கு எஞ்சின் பிடிப்பும் இல்லை, எக்சாஸ்ட் பிரேக்கும் இல்லை. 2015 முதல் புதிய கனரக லாரிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. அது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும். சூடேறிய பிரேக்கைக் குளிர வைக்காது.

டிரைவர் தம்பிகளுக்கு

1. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கனத்த லோடு என்றால் அதற்கும் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடுங்கள்.

2. 'ஹை', 'லோ' மாற்றம் சமதரையில், வண்டி நின்ற பிறகே. இறக்கத்தில் அந்த லீவரில் கை வைக்கவே கூடாது.

3. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடினால் அழுத்தி மிதித்துக் குறையுங்கள். பிறகு காலை எடுத்துவிடுங்கள். இடைவெளியில் டிரம் ஆறும்.

4. ஏர் மீட்டரைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். எச்சரிக்கை மணி அடித்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். காற்றுத் தொட்டியின் அடியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்து விடுங்கள். மலைக் குளிரில் இது மிக அவசியம்.

5. ஓடைத் தண்ணீரைக் கடந்தால், சற்று தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டி லைனிங்கை உலர்த்துங்கள்.

6. சேற்று ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றால் கிளச்சை மிதித்து உருள விடாதீர்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு, எஞ்சின் பிடியில், நேராகவே பின்னோக்கி இறங்குங்கள். குறுக்கே திருப்பினால் வண்டி கவிழும்.

7. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும் வேண்டும். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டும் பயனில்லை என்பதை மறவாதீர்கள்.

முதலாளிமார்களுக்கு

டிரைவருக்குச் சொன்னது ஏழு. நமக்குச் சொல்லிக்கொள்ள நான்கு போதும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் ரூ. 2,000. அபராதத்தை விடுங்கள், அந்த மூட்டையின் கனத்தைத் தாங்குவது டிரைவரின் கால்.

'இத்தனை லிட்டரில் போய் வர வேண்டும்' என்று டீசலுக்கு அளவு கட்டாதீர்கள். நியூட்ரலில் உருட்டும் பழக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

பிரேக் லைனிங் மாற்றும் செலவைத் தள்ளிப் போடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

தாமதத்துக்கு வாடகையில் கழிக்காதீர்கள். நாம் 1994க்குப் பிறகு ஒரு முறையும் கழித்ததில்லை. சில நாள் ஏலம் தவறியது உண்டு. மறுநாள் ஏலத்தில் விலை இறங்கி நட்டப்பட்டதும் உண்டு. ஆனால் அதன் பிறகு நாம் அனுப்பிய லாரி எதையும் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

கேள்வி கேட்ட இளம் உறுப்பினருக்கு நம் பதில் இதுதான். ஃபோர் வீல் லாரியைத் தாராளமாக வாங்குங்கள், அவலாஞ்சி மண்ணுக்கு அது ஏற்றதே. வாங்கிய அன்றே டிரைவரையும் கிளீனரையும் உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "லேட்டானாலும் பரவாயில்லை, நிறுத்தி மாற்றிக்கொண்டு வாருங்கள்." அந்த ஒரு வார்த்தையை நாம் அன்று சொல்லியிருந்தால் ஒரு பையனின் கால் பிழைத்திருக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மலைப்பாதையில் நம் பதற்றத்துக்கு விலை கொடுப்பவர் டிரைவர் என்பதை நினைவில் வைப்போம்.