கோதுமைத் தாள் குட்டையான கதை

பயிருக்கு உரமிட்டால் விளைச்சல் பெருகும் என்பதைச் சிறுவரும் அறிவர். உரமிட்டதனாலேயே விளைச்சல் கெடுவதும் உண்டு என்றால் நம்புவீர்களா? பள்ளியில் பாடம் சொன்ன பழக்கத்தால் கேள்வியோடு தொடங்குகிறேன். விடையையும் நானே கூறிவிடுகிறேன். பழைய கோதுமை இனங்கள் நெடிது வளர்பவை. உரமும் நீரும் மிகுதியாகப் பெற்றால் கதிர் கனக்கும். மெலிந்த தாள் அதனைத் தாங்காது. காற்றடித்தால் பயிர் சாயும்; மணிகள் மண்ணில் படிந்து பாழாகும். ஆகவே உழவன் அளந்தே உரமிட்டான்; அளந்தே விளைச்சலும் பெற்றான்.

இந்தச் சிக்கல் தீர்ந்த இடம் மெக்சிகோ. அந்நாட்டு அரசும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனமும் 1943இல் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கின. மறு ஆண்டு நார்மன் போர்லாக் என்னும் அறிஞர் அப்பணியில் சேர்ந்தார். அவர் எதிர்கொண்ட முதற்பகை தண்டுத் துருநோய். நோய் தாங்கும் இனத்தை உருவாக்கப் பல தலைமுறைப் பயிர்கள் வேண்டும். ஆண்டுக்கு ஒரு போகம் என்றால் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். அதனால் அவர் ஒரே ஆண்டில் இரு போகம் எடுத்தார். குளிர்காலத்தில் வடமேற்கே யாக்கிச் சமவெளியிலும், கோடையில் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரமுள்ள தொலூக்காவிலும் விதைத்தார். காலம் பாதியாயிற்று. எதிர்பாராத நன்மையும் ஒன்று கிட்டியது. பகற்பொழுதின் நீளம் மாறினாலும் உரிய காலத்தில் கதிர்விடும் பயிர்கள் தேர்ந்து வந்தன. அதனால்தான் மெக்சிகோவின் விதை பிற நாடுகளிலும் விளைந்தது.

எஞ்சியது தாளின் நீளம். அதற்கு உதவியது நோரின் 10 என்னும் ஜப்பானியக் குட்டைக் கோதுமை. 1946இல் அமெரிக்கா சென்ற அவ்விதை, வோகல் என்பவரின் ஆய்வின் வழியே 1950களில் போர்லாக்கை அடைந்தது. அதன் கலப்பில் பிறந்த குட்டை இனங்கள் 1962இல் உழவரிடம் சென்றன. தாளுக்குச் செலவான சத்தின் ஒரு பகுதி மணிக்குச் சேர்ந்தது, பயிரும் சாயவில்லை.

1966இல் இப்பணி, மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்குமான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமாக மெக்சிகோவிலேயே நிலைபெற்றது. அதே ஆண்டில் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை வரவழைத்தது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இம்முயற்சியில் முன்னின்றார். வந்த விதையின் மணி செந்நிறமாயிருந்தது. நம் மக்கள் விரும்பியதோ பொன்னிறம். நம் அறிஞர்கள் கல்யாண் சோனா போன்ற பொன்னிற இனங்களைத் தேர்ந்தெடுத்து அளித்தனர். 1964-65இல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1967-68இல் சுமார் 165 லட்சம் டன்னாயிற்று.

எனினும், இவ்விதை நீரும் உரமும் கேட்கும் விதை. பாசன வசதி பெற்ற உழவனே முதலில் பயனடைந்தான். மானாவாரி நிலத்தவன் பின்தங்கினான். நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளைந்த பஞ்சாபில் நிலத்தடி நீர் வெகுவாகத் தாழ்ந்தது. வென்றுவிட்டதாக எண்ணிய துருநோயும் புதிய வடிவில் 1998இல் உகாண்டாவில் தோன்றியது. பகை தன் உருவை மாற்றிக்கொண்டே வருவதால், விதையும் மாறியாக வேண்டும். ஆராய்ச்சி வயலில் ஓராண்டு விதைக்க மறந்தால், அதன் விலையைப் பின்னர் கொடுப்பவன் உழவனே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.